எந்த விமானம் வரும்? டிக்கெட், சீட் மேப், ரேடார் செயலி: ஓர் ஒப்பீடு

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் “இன்னிக்கு என்ன ஃபிளைட் வருது?” என்று கேட்டால் சிரிப்பார்கள். ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். 2024 டிசம்பர் 20 முதல் பெங்களூரு, ஹைதராபாத் சேவையை நடத்தும் இண்டிகோ அங்கே அனுப்புவது 78 இருக்கை ஏடிஆர் 72-600 என்ற சிறிய புரொப்பெல்லர் விமானம். பெரிய ஜெட்டுக்கு அங்கே வழியே இல்லை. மிச்சமிருப்பது எந்தப் பதிவெண் (கார் நம்பர் போல ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ள தனி எண்) என்ற கேள்வி மட்டும்தான்.

பெங்களூரில் வேறு விமானம் மாறுகிறவருக்கும், கடலூரில் பஸ் ஏறி மீனம்பாக்கம் போகிறவருக்கும் கதை வேறு. ஏர்பஸ் ஏ320 நியோவா அதைவிட நீளமான ஏ321 நியோவா, போயிங் 787-8-ஆ 787-9-ஆ என்பதை முன்பே அறிய நாலைந்து வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. அதைக் கவனிக்காமல்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

டிக்கெட்டிலும் கூகுள் ஃபிளைட்ஸிலும் வருவது அட்டவணை. அதாவது, நிறுவனம் அந்த சீசனுக்குப் போட்டு வைத்த திட்டம். அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். அதற்கு முன்பே புக் செய்தவர்கள் அந்தத் தேதிகளுக்குப் பிறகு ஒருமுறை திரும்பப் பார்ப்பது நல்லது. கூகுள் பல நேரம் ‘போயிங் 787’ என்று குடும்பப் பெயரோடு நின்றுவிடும். 32என் (32N), 32கியூ (32Q) போன்ற விமான வகைக் குறியீடு தென்பட்டால் லாபம்: முன்னது ஏ320 நியோ, பின்னது ஏ321 நியோ. ஆனால் குறியீடும் முழுதாக நம்பத்தக்கதல்ல. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350-900 மூன்று அமைப்பில் உண்டு: 161, 253, 303 இருக்கைகள். மூன்றுக்குமே குறியீடு 359தான்.

இந்த இடத்தில் சீட் மேப், அதாவது இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது நிறுவனம் காட்டும் படம், ஜெயிக்கிறது. மேலே சொன்ன மூன்றில் 303 இருக்கை விமானத்துக்கு மட்டும் பிரீமியம் எகானமி கிடையாது, படத்தைப் பார்த்ததுமே பிடிபட்டுவிடும். இண்டிகோவில் வரிசை எண்ணை எண்ணினால் போதும். 186 இருக்கை ஏ320 நியோவுக்கு 31 வரிசை. படம் அதைத் தாண்டி 35, 36 என்று நீண்டால் ஏ321 நியோ. பிரிட்டிஷ் ஏர்வேஸின் 787-8-இல் ஃபர்ஸ்ட் கிளாஸ் இல்லை, 787-9-இலும் 787-10-இலும் உண்டு. அதே 787-இல் பிசினஸ் வகுப்பு 2-3-2 என்று தெரிந்தால் பழைய கேபின், 1-2-1 என்றால் கதவு வைத்த புதிய கேபின். இந்தப் படங்களை ஏரோலோபா தளத்தின் கேபின் வரைபடங்களோடு ஒப்பிட்டால் ஜன்னல் எங்கே விழுகிறது என்பது வரை சொல்லிவிடலாம். தேர்ந்தெடுத்து வைத்த சீட் எண் தானாக மாறியிருந்தால், பெரும்பாலும் விமானம் மாறிவிட்டது என்றே பொருள். இரண்டு வாரம் முன்னால் ஒன்றை மட்டும் நம்ப வேண்டுமென்றால் சீட் மேப்தான் என் தேர்வு.

ஆனால் சீட் மேப்பால் பதிவெண்ணைச் சொல்ல முடியாது. அதற்கு ஃபிளைட்ரேடார்24, பறக்கும் விமானங்களை வரைபடத்தில் காட்டும் செயலி. ஃபிளைட் நம்பரைத் தட்டினால், காசு கட்டாமலே கடந்த 7 நாளின் பதிவெண்கள் வரும் (காசு கட்டும் சில்வர் சந்தாவுக்கு 90 நாள், கோல்டுக்கு 365). ஏழு நாளும் ஒரே வகை என்றால் நிம்மதி. நாலும் மூணுமாகக் கலந்திருந்தால் எந்தக் கிழமையில் எது என்று பார்க்க வேண்டும். பதிவெண்ணே பாதி சேதி சொல்லும்: இண்டிகோவில் விடி-ஐயு (VT-IU) என்று தொடங்கினால் ஏ321 நியோ, விடி-ஐடி (VT-IT) என்றால் ஏ320 நியோ. பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஜி-இசட்பிஜே (G-ZBJ) 787-8, ஜி-இசட்பிகே (G-ZBK) 787-9, ஜி-இசட்பிஎல் (G-ZBL) 787-10.

செயலியில் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, கோட்ஷேர், அதாவது ஒரு நிறுவனம் ஓட்டும் விமானத்துக்கு இன்னொரு நிறுவனம் தன் எண்ணில் டிக்கெட் விற்பது: டிக்கெட்டில் இருக்கும் எண்ணைத் தேடாமல், உண்மையில் ஓட்டுகிற நிறுவனத்தின் எண்ணைத் தேட வேண்டும். இரண்டு, தேதி. நேரம் யுடிசி-யில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும் உலகப் பொது நேரம்) இருந்தால், நம் ஊரில் காலை 5:30-க்கு முன் கிளம்பும் விமானம் முந்தின நாள் கணக்கில் நிற்கும். அதைக் கவனிக்காமல் நேற்றைய விமானத்தைத் தன் விமானம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கடைசி நாளுக்கு இவை எல்லாவற்றையும் விட உறுதியானது உள்ளே வரும் விமானம். பிரிட்டிஷ் ஏர்வேஸின் 35-ஆம் எண் ஃபிளைட் லண்டனில் பகலில் கிளம்பி, விடியுமுன் சென்னையில் இறங்கி, 36 ஆகத் திரும்புகிறது. ஹீத்ரோவில் அது மேலே ஏறிய நிமிடமே பதிவெண் தெரிந்துவிடும். கடலூரில் இரவு பஸ் ஏறுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். இதே போன்ற இன்னொரு செயலியான ஃபிளைட்அவேரில் இதற்கென்றே ‘என் விமானம் எங்கே’ என்ற இணைப்பு உண்டு, எண்களை நாமே கோக்க வேண்டியதில்லை.

இந்த வழி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி பலிக்காது. நிறுவனம் தன் விமானங்களை நிறுத்திவைக்கும் சொந்த ஊரில், உதாரணமாக பெங்களூரில் இண்டிகோவுக்கு, பக்கத்திலேயே வேறு விமானங்கள் நிற்கும். வந்ததில் கோளாறு என்றாலோ தாமதம் என்றாலோ, கதவு மூடும் வரை மாற்றுவார்கள். வெளியூர் நிறுத்தத்தில் மாற்று இருக்காது, வந்ததுதான் போகும்.

விமானங்கள் அனுப்பும் சிக்னலைப் பிடிக்க மொட்டைமாடியில் 1090 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது மேலே போவதைக் காட்டுமே தவிர, நாளைக்கு எது வரும் என்று சொல்லாது. ஆனால் அந்தத் தரவை ஃபிளைட்ரேடார்24-க்கு அனுப்பிக்கொண்டிருந்தால் அதன் உயர்ந்த சந்தாவான பிசினஸ் கணக்கு இலவசம். பழைய பதிவுகளைத் தோண்ட அது போதும்.

லாஸ்பேட்டைக்கு இவ்வளவு பாடு வேண்டாம். சேவை தொடங்கியபோது போட்ட அட்டவணைப்படி, பெங்களூரிலிருந்து வரும் ஏடிஆரே ஹைதராபாத் போய், திரும்பி வந்து, பெங்களூருக்குப் போகிறது. பகலில் இறங்கும்போது பதிவெண்ணைக் குறித்துக்கொண்டால் மாலையில் வருவதும் அதுவாகத்தான் இருக்கும், நடுவில் ஹைதராபாத்தில் மாற்றாத வரை.