போலார்ஸ்: சனிக்கிழமைச் சம்பளக் கணக்கில் வைத்துப் பார்த்தது

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்குச் சனிக்கிழமை மாலைக்குள் வாரச் சம்பளம் கைக்கு வந்துவிட வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் பைத்தான் நிரலைப் பல ஆண்டுகளாகப் பாண்டாஸ் என்ற அட்டவணைத் தரவு நூலகத்தில் வைத்திருந்த நான், சென்ற ஆண்டு அதைப் போலார்ஸுக்கு மாற்றினேன். 2020இல் ரிச்சி விங்க் தொடங்கிய, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட, அதே வேலையைச் செய்யும் திறமூல நூலகம் இது. 2024 ஜூலையில் 1.0 பதிப்பு வெளிவந்தது.

பழைய நிரல் மெதுவாக ஓடியதற்குப் பாண்டாஸைக் குறை சொல்ல மாட்டேன். குறை என் பழக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு யூனிட்டின் சிஎஸ்வி கோப்பையும் 31 நெடுவரிசைகளோடு முழுதாகப் படித்து, லூப்புக்குள்ளேயே முந்தையவற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்படி ஒட்டும் ஒவ்வொரு முறையும் அதுவரை சேர்ந்த தரவு அனைத்தும் மறுபடி நகலெடுக்கப்படுவதால், பத்தாவது கோப்பைச் சேர்க்கும்போது முதல் கோப்பு ஒன்பதாம் முறையாக நகலாகிறது. பிறகு டெய்லர் எண்படி ஒருமுறை, தேதிப்படி ஒருமுறை, கூட்டுவதற்கு முன் மீண்டும் டெய்லர் எண்படி என மூன்று முறை வரிசைப்படுத்தினேன். ஒரே டெய்லரின் வரிகளைச் சேர்த்துக் கூட்டும் ‘குரூப் பை’ செய்வதற்கு முன்கூட்டியே வரிசைப்படுத்த வேண்டியதே இல்லை. பீஸை ரேட்டால் பெருக்கக்கூட ஒவ்வொரு வரியாகத் தனித்தனியே கணக்கிடும் அப்ளை போட்டிருந்தேன். கட்டிய பண்டிலைப் பிரித்து, மறுபடி கட்டி, மறுபடி பிரித்துப் பவர் டேபிளுக்கு, அதாவது தையல் மெஷின் வரிசைக்கு, அனுப்பினால் எந்தச் சூப்பர்வைசரும் பொறுக்க மாட்டார். அதே வீண்வேலை கணினிக்குள் நடந்ததால் என் கண்ணில் படவே இல்லை.

போலார்ஸின் அருமை, அதைக் கண்ணில் காட்டுவதுதான். ரீட் சிஎஸ்விக்குப் பதில் ஸ்கேன் சிஎஸ்வி என்று எழுதினால் அது கோப்பை உடனே படிப்பதில்லை. சலிப்பது, பெருக்குவது, கூட்டுவது எல்லாவற்றையும் திட்டமாக எழுதி வாங்கிக்கொண்டு, கலெக்ட் என்று சொன்ன பிறகே வேலையைத் தொடங்குகிறது. அதற்கு முன், அந்தத் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளைன் கொடுத்துப் பார்த்தேன். திட்டத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் ‘ப்ராஜெக்ட் 5/31 காலம்ஸ்’ என்று இருந்தது. நான் கேட்காமலே, வேண்டாத 26 நெடுவரிசைகளை அது படிக்கும் இடத்திலேயே விட்டுவிட்டது. செக்கிங்கில் தேறிய பீஸ்களை மட்டும் எடுக்கும் நிபந்தனையையும் அங்கேயே இறக்கி வைத்திருந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான், இத்தனை ஆண்டுகளாக எதையெல்லாம் சுமந்தோம் என்பது எனக்கு உறைத்தது.

ஆனால் பழைய பழக்கத்தோடு வந்தால் இதனால் பயனில்லை. முதல் வாரம் ஒவ்வொரு படியிலும் கலெக்ட் போட்டேன். திட்டம் துண்டு துண்டாகி, சுருக்க இடமில்லாமல் போயிற்று. அப்ளைக்கு ஈடான மேப் எலிமெண்ட்ஸைப் பயன்படுத்தியபோது, இது மெதுவானது என்று எச்சரித்ததோடு, பதிலுக்கு எழுத வேண்டிய வரியையும் அதுவே காட்டியது. புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதவி வேறில்லை என்பேன்.

எக்செல் கோப்புகளுக்கு மட்டும் ஸ்கேன் வசதி கிடையாது. முழுதாகத்தான் படிக்க வேண்டும். நம் ஊர் அலுவலகங்களில் பாதிக் கணக்கு எக்செல்லில் கிடப்பதால், அவற்றை ஒருமுறை, நெடுவரிசை வாரியாகச் சேமிக்கும் பார்கே கோப்பாக மாற்றி வைத்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் அதிலிருந்தே ஸ்கேன் செய்கிறேன்.