1.9-ஆ, 2.8-ஆ? மலை ஏறும் டீசல் பிக்கப்புக்கு எந்த ஆட்டோ கியர்

பேரணாம்பட்டிலிருந்து வீ.கோட்டா ஏறும் காட் ரோடு ஒரு பக்கம், சித்தூருக்கும் பலமநேருக்கும் நடுவே மொகிலி காட் மறுபக்கம். தோட்டமோ மண்டியோ வைத்து இந்த ஆந்திர எல்லையில் பிழைப்பவர்களுக்கு மலை ஏறி இறங்காமல் வேலை நடக்காது. இந்த ரோட்டுக்கு டீசல் பிக்கப்பை ஆட்டோ கியரில் எடுக்க நினைத்தால், இன்று கம்பெனியே பொருத்தித் தரும் நல்ல எஞ்சின்-கியர் ஜோடிகள் இரண்டு: இசுசு வி-கிராஸின் 1.9 லிட்டர், டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர். காசு கட்டுபடியானால் 2.8 எடுங்கள் என்பதுதான் இங்கே சொல்ல வருவது. அதற்குக் காரணம் சீறிக் கிளம்புவதோ வேகமோ இல்லை, கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு.

முதலில் சில கதவுகளை மூடிவிடலாம். தினமும் ஒரு டன், ஒன்றரை டன் தக்காளி ஏற்றி இறக்குவதுதான் தொழில் என்றால் பொலேரோ பிக்கப் போன்ற மேனுவல் வண்டியே போதும். இந்த அலசல் உங்களுக்கு இல்லை. குடும்பமும் ஏற வேண்டும், பின்னால் கொஞ்சம் சரக்கும் போக வேண்டும், கிளட்ச் மிதித்து முட்டி வலிக்கிறது என்பவர்களுக்குத்தான் இது. ஏ.எம்.டி. என்பது மேனுவல் பெட்டியின் கிளட்ச்சை மோட்டார் வைத்து மிதிப்பது, அவ்வளவுதான். லோடோடு கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பும்போது கிளட்ச் தகடுதான் தேயும். மலைக்கு வேண்டாம்.

பழைய மேனுவல் வண்டிக்கு வேறு வண்டியின் ஆட்டோ பெட்டியை மாட்டித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகளும் உண்டு. எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் பெல் ஹவுசிங், பிளெக்ஸ் பிளேட் எல்லாம் கடைந்து பொருத்திவிடலாம். ஆனால் எஞ்சின் கம்ப்யூட்டரும் கியர் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேசாவிட்டால் ஒவ்வொரு கியர் மாற்றமும் உதைக்கும், பெட்டி சீக்கிரம் போகும். பெட்ரோல் வண்டியின் கன்வர்ட்டர் (எஞ்சினின் இழுவையை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பகுதி) என்றால் இன்னும் மோசம். அது அதிக ஆர்.பி.எம்.மில் (எஞ்சினின் நிமிடச் சுற்றில்) பிடிக்கும்படி செய்தது. டீசலின் இழுவை கீழேயே இருப்பதால் எந்நேரமும் நழுவும். சட்டமும் இடிக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான்.

இனி அந்த இரண்டு ஜோடிகள். இரண்டிலும் இருப்பது டார்க் கன்வர்ட்டர் வைத்த ஆறு கியர் பெட்டி. இசுசு 1.9: பவர் 163 பி.எஸ்., இழுவை 360 நியூட்டன் மீட்டர். முழு இழுவை கிடைப்பது 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம். வரை. டொயோட்டா 2.8: 204 பி.எஸ்., ஆட்டோவில் 500 நியூட்டன் மீட்டர், 1,600 முதல் 2,800 வரை. ஹைலக்ஸின் மேனுவலில் அதே எஞ்சின் 420-தான் தருகிறது. மகிந்திரா ஸ்கார்பியோ-என் டீசலிலும் இதே கணக்குதான்: மேனுவலில் 370, ஆட்டோவில் 400. கன்வர்ட்டருக்குள் ஆயில் வழியாக இழுவை போவதால் அதிர்ச்சி தணிகிறது, கியர்பல்லும் ஷாஃப்டும் தாங்குகின்றன, அதனால் கம்பெனி எஞ்சினைத் தாராளமாக அவிழ்த்துவிடுகிறது. டீசலுக்கு ஆட்டோ பொருந்தாது என்ற பழைய பேச்சு இந்தப் பெட்டிகளுக்குச் செல்லாது.

360-க்கும் 500-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட, 1,600-க்கும் 2,000-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். காட் ரோட்டில் நமக்கு முன்னால் கிரானைட் லாரி ஊர்கிறது. முந்த இடமில்லை. வண்டி மூன்றாம் கியரில் 1,500 ஆர்.பி.எம்.மை ஒட்டி நிற்கிறது. 2.8-க்கு அங்கேயே கிட்டத்தட்ட முழு பலமும் வந்துவிடுவதால் அதே கியரில் ஏறும். 1.9-க்கு அந்த இடத்தில் டர்போ முழுதாக எழுந்திருக்காது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் இரண்டுக்கு இறங்கும், விட்டால் மூன்றுக்குப் போகும், மறுபடி இறங்கும். ஒவ்வொரு முறையும் லாக்-அப் கிளட்ச் (கன்வர்ட்டரை நழுவாமல் எஞ்சினோடு நேராகப் பூட்டுவது) விடுபட்டு, இழுவை முழுக்க ஆயில் வழியாகப் போகிறது.

அந்த ஆயிலில் எவ்வளவு சூடு இறங்கும் என்று ஒரு கணக்கு போடலாம். வண்டியும் சரக்கும் ஆளுமாக 2.5 டன், 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏற்றம், வேகம் 25 கி.மீ. சக்கரத்துக்குத் தேவைப்படுவது சுமார் 14 கிலோவாட். கன்வர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணானால் மூன்றரை கிலோவாட் நேராக ஆயிலில் சூடாக இறங்குகிறது. வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு. கியர் ஆயில் 80, 95 டிகிரியில் இருக்கும்வரை கவலை இல்லை. 120-ஐத் தாண்டித் தொடர்ந்து நின்றால் கருக ஆரம்பிக்கும். அதற்கு மேல் பத்துப் பத்து டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு.

1.9 வைத்திருப்பவர்கள் இதைப் பெருமளவு கையாலேயே சமாளிக்கலாம். ஏற்றம் தொடங்கும்போதே மேனுவல் மோடுக்குத் தள்ளி இரண்டாம் கியரில் பிடித்து வையுங்கள். ஆர்.பி.எம். 2,000-க்கு மேல் நிற்கும், நழுவல் குறையும், எஞ்சினோடு சுற்றும் ஆயில் பம்ப்பும் வேகமாகச் சுற்றி கூலருக்கு அதிக ஆயில் அனுப்பும். சத்தம் கூடுதலாகக் கேட்கும், பயப்பட வேண்டாம். இப்படி ஓட்டினால் 1.9 நல்ல வண்டிதான். விலையில் பல லட்சம் மிச்சம், சமவெளியில் டீசலும் குறைவாகக் குடிக்கும். ஸ்ரீசிட்டியில், நம் வாசலிலேயே தயாராகிற வண்டி என்பதில் ஒரு பாசமும் உண்டு. ஆனால் வண்டியை டிரைவர் கையில் கொடுப்பவர்கள் இந்த ஒழுக்கத்தை எதிர்பார்க்க முடியாது. அவர் கியர் தானாக மாறும் டி-யில் போட்டுவிட்டு போன் பேசிக்கொண்டு போவார். அங்கே 2.8 தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும்.

ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஹைலக்ஸ் இங்கே விற்பனைக்கு வந்தது 2022-ல். இரண்டு லட்சம் கி.மீ. கடந்த வண்டிகள் இந்தப் பக்கம் இன்னும் அரிது. பெட்டி நீண்ட நாள் உழைக்கும் என்று சொல்வது, 2.8 எஞ்சினோடு ஆறு கியர் ஆட்டோவில் 2016-லிருந்து ஓடும் பார்ச்சூனரைப் பார்த்துத்தான். ஆனால் அதன்மேல் இவ்வளவு சரக்கு ஏறியதில்லை.

எதை எடுத்தாலும் பராமரிப்பு ஒன்றுதான். ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம் என்று யார் சொன்னாலும் மலை ரோட்டுக்கு அது பொருந்தாது. 40,000 முதல் 60,000 கி.மீ.க்குள் மாற்றிவிடுங்கள். டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் வெளியே வரும். மீதி கன்வர்ட்டருக்குள் நிற்கும். அதனால் மாற்றி, சில நூறு கி.மீ. ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். ரொம்ப நாள் மாற்றாத பெட்டியில் மெஷின் வைத்து அழுத்தத்தில் அலசவே கூடாது. அடியில் படிந்த கசடு கிளம்பி, கியர் மாற்ற ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியில் அடைத்துக்கொள்ளும். பெட்டியின் அடியில் உள்ள ஆயில் தட்டைக் (பேன்) கழற்றும்போது காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பு. பளபளக்கும் சிம்புகள் இருந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டிய நேரம். டொயோட்டாவுக்கு அந்தக் கம்பெனியின் டபிள்யூ.எஸ். ரக ஆயில், இசுசுவுக்குக் கையேட்டில் எழுதியதே. சிவப்பாக இருக்கிறது என்று கடையில் கிடைத்ததை ஊற்றினால் லாக்-அப் உதறும். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகளில் அளவு பார்ப்பதும் தனி வேலை: வண்டி சமதளத்தில், எஞ்சின் ஓட, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் ஆயில் சூடு கையேடு சொன்ன அளவில் நிற்க, ஓவர்ஃப்ளோ போல்ட்டில் சொட்டுச் சொட்டாக வடிய வேண்டும். ஸ்கேனர் இல்லாத மெக்கானிக்கிடம் இதைக் கொடுக்காதீர்கள்.

நம் பக்கம் பலர் கவனிக்காதது தண்ணீர். கியர் ஆயில் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருந்தால், வழியில் கிடைத்த போர் தண்ணீரை ஊற்றுவது பெட்டிக்கே வினை. குடியாத்தம் பக்கத்து உப்புத் தண்ணீர் குழாயை உள்ளிருந்து அரிக்கும், ஓட்டை விழுந்தால் கூலன்ட் கியர் ஆயிலில் கலக்கும். ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் எஞ்சினை அந்த இடத்திலேயே அணையுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டினாலும் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சு ஊறி உரியத் தொடங்கும். கலந்து வைத்த கூலன்ட் ஒரு லிட்டர் வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.

இறங்கும்போது நியூட்ரல் வேண்டாம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டி-யில் விட்டால் எஞ்சின் பிடிப்பு குறைந்து பிரேக் காயும்.

செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள் வண்டி நன்றாகச் சூடான பிறகுதான் பார்க்க வேண்டும். பி-யிலிருந்து (பார்க்) டி, டி-யிலிருந்து ஆர் (ரிவர்ஸ்) போட்டால் ஒரு நொடிக்குள் பிடிக்க வேண்டும். 60, 80 கி.மீ. வேகத்தில் லேசாக மிதித்து ஓட்டும்போது கரடுமுரடான ரோட்டில் போவது போல் உதறினால் லாக்-அப் போய்க்கொண்டிருக்கிறது. கியர் மாறும்போது ஆர்.பி.எம். மட்டும் துள்ளினால் உள்ளே நழுவுகிறது.

வழியில் நின்றுவிட்டால் இந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பம்ப் ஓடாது, பெட்டிக்குள் ஆயில் சுற்றாது, பேரிங் எரியும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் லாரியைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மெக்கானிக்கை வரவழைத்து பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் முன், பின் இரண்டு ப்ரொபெல்லர் ஷாஃப்டையும் கழற்றிய பிறகே இழுக்க விடுங்கள்.