நெட்டில் பஜ்ஜியா, நெட்டில் வடையா?

இங்கிலாந்தில் மார்ச் பிறந்துவிட்டால் வேலியோரம், ஓடைக்கரை என்று எங்கு பார்த்தாலும் நெட்டில் (nettle) என்ற காட்டுக்கீரை தளதளவென்று கிளம்பிவிடும். நம்மூர்க் காஞ்சொறி போலவே தொட்டால் சுரீரென்று அரிக்கும், ஆனால் செடி வேறு. கையுறை போட்டு நுனிக்கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும், நாய்கள் நடமாடும் பாதையோரம் வேண்டாம், பூத்த செடியைத் தொடவே வேண்டாம், முற்றிய இலையில் சுண்ணாம்புத் துகள் சேர்ந்து நறநறக்கும். இதெல்லாம் பறிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். விருந்தாளி வந்ததும் முதலில் நீட்ட பஜ்ஜியா வடையா என்று கேட்டால், நான் வடைக்கு மாறிவிட்டேன்.

பஜ்ஜி பார்க்க அழகு, அதை மறுக்கவில்லை. பச்சை இலையை இடுக்கியால் பிடித்து, நீர்க்கக் கரைத்த கடலை மாவில் தோய்த்துப் போட்டால் எண்ணெய்ச் சூட்டிலேயே சுணை செத்துவிடும், விளிம்பெல்லாம் மொறுமொறு. ஆனால் சட்டியிலிருந்து எடுத்த கையோடு தின்றாக வேண்டும், பேச்சு கொஞ்சம் நீண்டாலும் தொய்ந்துவிடும்.

வடைக்கு இலையைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் போட்டு, குளிர்ந்த நீரில் அலசினால் அரிப்பு போய்விடும், அப்புறம் வெறுங்கையாலேயே பிழியலாம். பை நிறையப் பறித்தது கைப்பிடிக்குச் சுருங்கி, கரும்பச்சை உருண்டையாக நிற்கும். அதைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்த கடலைப்பருப்பு, வெங்காயம், பச்சை மிளகாய், சோம்போடு பிசைந்து தட்டிப் போடுங்கள். கீரை மணம் பஜ்ஜியில் மாவுக்குள் அமுங்கிவிடுகிறது, வடையில்தான் எடுப்பாகத் தெரிகிறது. ஆறினாலும் ருசி குறையாது.

இதையெல்லாம் விட என்னை வடைப் பக்கம் இழுத்தது, எடுத்துவைக்க முடிகிறதா என்ற ஒரே விஷயம். கொழுந்து கிடைப்பது வசந்தத்தில் சில வாரம்தான், மே முடிவதற்குள் பூக்கத் தொடங்கிவிடும். செடியை வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும் என்றாலும் ஊர்ப் பொது வேலியை நாம் வெட்டிக்கொண்டிருக்க முடியாது. பஜ்ஜிக்குப் புது இலைதான் வேண்டும், ஃப்ரீசரில் வைத்த இலை துவண்டுபோய் மாவில் நிற்காது. வடைக்கோ, பிழிந்த உருண்டைகளைத் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் போட்டுவிட்டால் வெளியே ஒரு பச்சை இல்லாத டிசம்பர் குளிரிலும் சுடச்சுட எடுத்து வைக்கலாம். சீசனில் ஒரு சனிக்கிழமை மெனக்கெட்டால் போதும்.

ஏர் ஃபிரையரில் நான் சுட்டுப் பார்த்ததில்லை, அதனால் எண்ணெய்ச் சட்டிக்கு மட்டும்தான் என் உத்தரவாதம். ஃப்ரீசர் உருண்டை இளகும்போது திரும்பவும் தண்ணீர் விடும், மாவில் சேர்க்கும் முன் இன்னொரு முறை நன்றாகப் பிழிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் வடை எண்ணெயில் பிரிந்துவிடும்.