மீல்வார்ம் டப்பாவில் மைட்: காயவைப்பதா, புதிதாகத் தொடங்குவதா?

அரவானா மீனுக்கும் கூண்டுப் பறவைகளுக்கும் தீனியாக வீட்டிலேயே தவிட்டில் மீல்வார்ம் (ஒரு வண்டின் புழு) வளர்ப்பவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் சோதனையான மாதங்கள். டப்பாவின் உள்சுவரில் வெளிர்நிறத் தூசு மெல்லியதாகப் படியும். உற்றுப் பார்த்தால் அந்தத் தூசு நகரும்: அவைதான் மைட் என்னும் நுண்ணிய உண்ணிகள். விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். காயவை என்பார் ஒருவர், எல்லாவற்றையும் கொட்டிவிடு என்பார் இன்னொருவர், பொடி தூவு என்பார் மூன்றாமவர். என் பார்வையில் இதில் உண்மையான போட்டி முதல் இரண்டுக்கு இடையில்தான். மற்றவற்றைக் கடைசியில் சுருக்கமாகப் பார்க்கலாம்.

முதலில் ஆள் யாரென்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தவிட்டில் பெருகுவது பெரும்பாலும் அகாரஸ், டைரோஃபேகஸ் வகை தானிய மைட்டுகள். வளர்ந்தவற்றுக்கு எட்டுக் கால், மெதுவாக ஊரும். சரசரவென்று ஓடினால் அது புத்தகப்பேனாக இருக்கலாம். அதற்கு ஆறு கால்தான், பெரிய தொல்லையும் தராது. சுவரில் செலோடேப்பை ஒட்டி எடுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும். தானிய மைட்டுகளை நசுக்கினால் புதினா போல ஒரு வாசனை வரும். இவை மீல்வார்மின் ரத்தத்தைக் குடிப்பதில்லை. தவிட்டையும் பூஞ்சையையும் தின்று, கூட்டத்தை நெருக்கடிக்குள் தள்ளுகின்றன. பறவை வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூண்டு இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வெளியே வரும் செந்நிற மைட் வேறு இனம். அது பறவையின் ரத்தத்தைக் குடிப்பது. அதற்கு இங்கே சொல்லும் இரண்டு வழிகளும் உதவாது.

காயவைப்பது

இந்த வழிக்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. தானிய மைட்டுக்கு மூச்சுக்குழல் கிடையாது, மெல்லிய தோல் வழியாகவே சுவாசிக்கிறது. அதே தோல் வழியாக உடல் ஈரமும் போய்விடும். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பெருக முடியாமல் திணறும். மீல்வார்மோ வறண்ட தவிட்டிலும் தாக்குப்பிடிக்கும் பிராணி. ஒரே டப்பாவில் இருக்கும் இந்த இரண்டில் வறட்சி முதலில் வீழ்த்துவது மைட்டைத்தான்.

செய்ய வேண்டியது எளிது. கேரட், உருளைக்கிழங்கு மிச்சங்களை எல்லாம் பொறுக்கி எடுத்துவிடுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு மெல்லிய வலை கட்டுங்கள். தவிடு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் வேண்டாம். ஆழமான தவிட்டின் அடியில் ஈரம் தங்கிவிடும். அப்புறம் சில நாளுக்கு ஒருமுறை காய்கறித் துண்டைக் காலையில் வைத்து மாலையில் எடுத்துவிடலாம். அந்தத் துண்டின் அடிப்பக்கத்தில் மைட்டுகள் குவிந்திருக்கும் என்பதால், எடுத்து வெளியே போடும்போது அவற்றிலும் ஒரு பங்கு போய்விடும்.

குறைகளும் உண்டு, அவை சின்னவை அல்ல. தாகம் எடுத்த புழுக்கள் கூட்டுப்புழுக்களைக் கடித்துத் தின்னும். அதனால் காயவைக்கும் நாட்களில் கூட்டுப்புழுக்களைத் தனியே எடுத்து வைத்தே ஆக வேண்டும். வண்டுகள் முட்டையிடுவது குறையும், புழுக்களின் வளர்ச்சியும் மந்தமாகும். இன்னொன்று, சில மைட் இனங்களுக்கு வளர்ச்சியின் நடுவே வறட்சியைத் தாங்கும் ஒரு பருவம் உண்டு. அந்தப் பருவத்தில் உணவில்லாமலே வண்டின் உடலைப் பற்றிக்கொண்டு காத்திருக்கும். ஆகவே காயவைப்பது எண்ணிக்கையை அடக்கும், வேரோடு போக்காது.

எந்த ஊர், எந்த மாதம் என்பதும் முக்கியம். சேலத்தில் பங்குனி மாதத்தில் தானாகவே நடந்துவிடுகிற காரியம், சென்னையில் மழைக்காலத்தில் நடக்காது. வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது மின்விசிறி போடுவது ஈரக்காற்றைச் சுற்றிவிடுவதுதான். ஏசி ஓடும் அறையில் வைக்க முடிந்தால் மட்டும் அந்தப் பருவத்தில் இதை நம்புங்கள்.

கூட்டுப்புழுவிலிருந்து புதிய கூட்டம்

கொட்டிவிட்டு மறுபடி கடையில் வாங்குவது வீண் செலவு. புதிதாக வாங்குவதிலும் மைட் இருக்க வாய்ப்புண்டு. அதைவிட, உங்கள் கூட்டத்திலேயே சுத்தமான வாரிசு இருக்கிறது: கூட்டுப்புழு. அது எதையும் தின்னாது, வழவழப்பான உடல், ஓடாது. வண்டின் மேல் இறகுக்கு அடியில் மைட் ஒளிய இடமிருக்கிறது. கூட்டுப்புழுவில் அவ்வளவு மறைவிடம் இல்லை.

பிளாஸ்டிக் கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்து, மிருதுவான பெயின்ட் பிரஷால் துடைத்து, தவிடே இல்லாத வெறும் தட்டில் வையுங்கள். தின்ன எதுவும் இல்லாத இடத்தில் மைட் பெருகாது. ஒன்றிரண்டு வாரத்தில் வண்டுகள் வெளிவரும். வெளிவந்ததும் புதிய டப்பாவுக்கு, உறையவைத்து எடுத்த தவிட்டுக்கு மாற்றுங்கள்.

தவிட்டை இறுக மூடிய பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் மைட்டும் அதன் முட்டையும் செத்துவிடும். பலர் கோட்டைவிடுவது வெளியே எடுத்த பிறகுதான். குளிர் முழுவதும் போய் அறைச்சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது. முன்னாலேயே திறந்தால் காற்றிலுள்ள ஈரம் தவிட்டில் படிந்து, மைட்டுக்கு வேண்டிய சூழலை நாமே தயார்செய்து கொடுத்ததாகிவிடும்.

இந்த வழியின் விலை, காலம். மீல்வார்ம் முட்டைகள் பிசுபிசுப்பானவை, தவிட்டோடு ஒட்டியிருக்கும். பழைய தவிட்டைக் கழித்தால் முட்டைகளும் குஞ்சுப்புழுக்களும் சேர்ந்தே போகும். புதிய வண்டுகள் முட்டையிட்டு, அது பொரிந்து, மீனுக்குப் போடும் அளவுக்குப் புழு வளர மூன்று, நான்கு மாதம் ஆகலாம்.

எதை எப்போது

கேரட் துண்டிலும் ஒரு மூலையிலும் மட்டும் மைட் தெரிந்தால், பருவமும் வறண்டதாக இருந்தால், காயவைத்தாலே போதும். தவிட்டின் மேற்பரப்பே நெளிகிறது, வாடை அடிக்கிறது என்றால் கூட்டுப்புழு வழிதான். அப்போதும் பழைய டப்பாவை உடனே அழிக்க வேண்டாம். வேறு அறையில் காயவைத்து, பெரிய புழுக்களைச் சலித்தெடுத்து, தண்ணீரில் அலசி, புதிய கூட்டம் தயாராகும்வரை தீவனமாகப் பயன்படுத்துங்கள். இரண்டு வழிகளையும் இப்படிச் சேர்த்துச் செய்வதையே நான் பரிந்துரைப்பேன். சலிப்பதை வெளியில் வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். இந்த மைட் தூசு ஒவ்வாமையைக் கிளப்பும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அவர்களை அருகில் விடவே கூடாது.

மற்றவை

மைட்டைத் தின்னும் ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் என்ற வேட்டை மைட்டை வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் மெச்சுவார்கள். ஆனால் அது ஈரமண்ணில் வாழும் இனம். அதற்காகத் தவிட்டை ஈரமாக்கினால் தானிய மைட்டுக்கும் கொண்டாட்டம். ஈர மண்ணில் வைக்கும் உயிரினங்களுக்கு அது சரி, மீல்வார்முக்குச் சரிவராது.

டயட்டம் மண் (நுண்பாசி ஓடுகளின் பொடி) தூவுவது அதைவிட மோசம். தானியக் கிடங்குகளில் அதைப் பயன்படுத்துவதே மாவு வண்டு போன்ற பூச்சிகளைக் கொல்லத்தான், மீல்வார்மும் மாவு வண்டின் குடும்பம். அரிசிப் பானையில் போடுகிற வசம்பு, வேப்பிலை, துணி அலமாரியில் வைக்கிற பாச்சை உருண்டை எல்லாமே இதே காரணத்தால் வேண்டாம். பூச்சிமருந்து தெளித்த டப்பாவிலிருந்து எடுத்த புழு, மீனின் வயிற்றுக்குள் போகிறது என்பதையும் யோசியுங்கள்.

டப்பா வைக்கும் ஸ்டாண்டின் கால்களை, எறும்புக்கு வைப்பது போல, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது மட்டும் எல்லோரும் செய்யலாம். உள்ளே இருக்கும் மைட்டை அது ஒன்றும் செய்யாது, ஆனால் பழைய டப்பாவிலிருந்து புதியதற்கு ஊர்ந்து போவதைத் தடுக்கும். ஸ்டாண்ட் சுவரையோ பக்கத்து அலமாரியையோ தொட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பலனும் இல்லை. முதலில் பழைய டப்பாவைத் தொட்டுவிட்டு, கை கழுவாமல் புதியதைத் தொட்டாலும் அப்படித்தான். தினமும் புதிய டப்பா வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.