டோக்கியோவின் டைமர்கள்: கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து ஒரு மதிப்பீடு

இலங்கையின் ஹட்டனுக்கு அருகேயுள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மேல்மாடியின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் 10 விநாடிக்கு ஒரு முறை பதிவு செய்யும் நிரலொன்றை, ரஸ்ட் நிரலாக்க மொழியில் பல பணிகளை ஒருங்கே நடத்த உதவும் டோக்கியோ நூலகத்தைக் கொண்டு எழுதி இயக்கி வருகிறேன். 2020 டிசம்பரில் 1.0 பதிப்பை எட்டிய இந்த நூலகம், எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வாட்டம் இரவு முழுவதும் நீளும் வேலையாகையால், பதிவுகள் நேரம் தவறாமல் விழ வேண்டும்.

குறித்த நேரத்தில் பணிகளை எழுப்பும் அதன் டைமர்களின் உள்ளமைப்பை மனமாரப் பாராட்டுகிறேன். காத்திருக்கும் ஒவ்வொரு பணிக்கும் தனித் திரெட் (நிரலின் ஓர் இயக்க இழை) ஒதுக்காமல், எழுப்ப வேண்டிய நேரங்களான எல்லாக் கெடுக்களையும் 6 அடுக்குச் சக்கரத்தில் டோக்கியோ வைக்கிறது. அடுக்கொன்றுக்கு 64 அறைகள். அடி அடுக்கில் ஓர் அறை 1 மில்லிவிநாடி, அதற்கு மேலே 64 மில்லிவிநாடி, இப்படியே பெருகிச் செல்லும். தொலைவிலுள்ள கெடு மேலடுக்கில் இருந்து, நேரம் நெருங்க நெருங்கக் கீழே இறங்கி வரும். இதனால் ஆயிரக்கணக்கான டைமர்கள் இருந்தாலும் ஒன்றைச் சேர்ப்பதோ நீக்குவதோ சுமையாவதில்லை. செய்ய வேலை இல்லாதபோது அடுத்த கெடு வரை, நிகழ்வுக்காகக் காத்திருக்க உதவும் லினக்ஸின் ஈபோல் அழைப்பில் உறங்கிவிடுவதால், எங்கள் ராஸ்பெரி பை ஸீரோ என்ற சிறு கணினியின் ஒற்றைச் செயலிக் கருவுக்கும் ஓய்வு கிடைக்கிறது.

ஆனால் டைமர் தரும் உறுதி, குறித்த நேரத்துக்கு முன் எழுப்பாது என்பது மட்டுமே. பணிகள், நிரலில் காத்திருப்பைக் குறிக்கும் அவெய்ட் என்ற சொல் வருமிடத்தில் தாமாக வழிவிட்டால்தான் மற்றவற்றுக்கு முறை வரும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரே தராசு இருக்கையில் ஒரு கூடை நிறுக்கத் தாமதித்தால் வரிசை முழுதும் நிற்பதைப் போன்றது இது. பனிமூட்டத்தில் ஈரமேறிய கம்பியால் ஒரு உணரி பதில் தராமல் 40 விநாடி இழுத்தது. அந்த வாசிப்பை நான் முடியும்வரை திரெட்டைப் பிடித்துவைக்கும் சாதாரணத் தடுப்பு அழைப்பாக எழுதியிருந்ததால், கருவுக்கு ஒன்றாக இருந்த அந்த ஒரே வேலைத் திரெட்டும் முடங்கி, பின்னர் நான்கு பதிவுகள் ஒரே விநாடியில் விழுந்தன. தவறிய துடிப்புகளை அடுத்தடுத்து ஈடுசெய்யும் பர்ஸ்ட் முறையே, சீரான இடைவெளியில் துடிக்கும் இன்டர்வல் டைமரின் இயல்பு. அளவீட்டுக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து: பழைய 30 விநாடிகளின் ஈரப்பதத்தை இப்போது அளந்து நிரப்ப இயலாதல்லவா? தவறியவற்றை விட்டுவிடும் ஸ்கிப் முறைக்கு மாற்றி, வாசிப்பையும் ஸ்பான் பிளாக்கிங் என்ற செயற்கூறின் வழியே தனித் திரெட்டுக்கு அனுப்பிய பிறகு அந்தக் கோளாறு திரும்பவில்லை.

மின்சாரம் போய்வந்தபின், தனிக் கடிகாரமில்லாத அந்தச் சிறு கணினியின் நேரம் இணையம் கிடைத்ததும் தாவித் திருந்தும். டைமர்கள் பின்னோக்கிச் செல்லாத கடிகாரத்தையே நம்புவதால், இடைவெளி குலைவதில்லை.

சோதனை வசதியும் குறிப்பிடத் தக்கது. ஒற்றைத் திரெட் இயக்கத்தில் நேரத்தை நிறுத்தி வைத்தால், எல்லாப் பணிகளும் காத்திருக்கும் தருணத்தில் கடிகாரம் அடுத்த கெடுவுக்குத் தானே நகர்கிறது. 12 மணி நேர வாட்டத்தின் பதிவு ஒழுங்கை, போலி உணரியை வைத்து, ஒரு தேநீர் ஆறுவதற்குள் நான் சரிபார்த்துவிடுகிறேன்.