கோத்தகிரி வீட்டு இன்சூரன்ஸ்: பிரீமியம் குறைஞ்சுது, கோபம் குறையல

குன்னூர்ல புதுசா வீடு வாங்கின ஃப்ரெண்டு ஒருத்தர், ரெண்டாவது வீட்டுக்கு இன்சூரன்ஸ்ல எப்படி காசு மிச்சம் பண்றதுன்னு கேட்டாரு. நாங்க இருக்கறது கோயம்புத்தூர், கோத்தகிரி வீட்டுக்கு லீவுக்குத்தான் போவோம், அதுக்கு பாரத் கிருஹ ரக்ஷா எடுத்திருக்கேன். 2021 ஏப்ரல்லேர்ந்து எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் விக்கற ஸ்டாண்டர்ட் பாலிசி இது, அடிப்படை கவர் எங்க போனாலும் ஒண்ணுதான், ரேட்டுதான் மாறும், அதனால நாலு இடத்துல ரேட் கேட்காம கையெழுத்து போடாதீங்க.

பெரிய மிச்சம் எங்கன்னா நிலத்தோட விலைய கழிக்கறதுல. ஏஜென்ட் மார்க்கெட் விலை 90 லட்சத்தை அப்படியே போட வந்தாரு, ஆனா கணக்கு கார்பெட் ஏரியா (வெளிச்சுவர் சேராத உள் பரப்பு) பெருக்கல் சதுர அடிக்கான கட்டுமானச் செலவு மட்டும்தான், எங்களுக்கு 25 லட்சத்துல முடிஞ்சுது, பிரீமியமும் அதுக்கேத்த மாதிரி இறங்கிடுச்சு. மலைல ஜல்லி மணல் ஏத்தற கூலி ஜாஸ்தி, அதனால கீழ ஊர் ரேட்டப் போட்டு ரொம்பவும் குறைச்சிடாதீங்க. உள்ள இருக்கற சாமானுக்கு கட்டட மதிப்புல 20%, அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் தானாவே கவர் ஆகுது, கட்டிலும் ஸ்டவ்வும் மட்டும் இருக்கற வீட்டுக்கு அது தாராளம்.

நிஜமாவே சந்தோஷப்பட்டது தடுப்புச்சுவர் விஷயத்துல. மழைல பின்பக்கம் மண் சரிஞ்சு சுவர் ஒரு பக்கம் போயிடுச்சு, வீட்டுச் சுவர் இல்லையே, எங்க தரப்போறாங்கன்னு நினைச்சேன், ஆனா பாலிசில தடுப்புச்சுவர், காம்பவுண்டு, கேட் எல்லாம் வீட்டோட சேர்த்திதான். நஷ்டத்தை மதிப்பிடற சர்வேயர் வந்து பார்த்தாரு, இன்ஜினியர் எஸ்டிமேட் குடுத்தோம், பணம் வந்துச்சு.

எரிச்சல் திருட்டு கவர்ல. இந்த பாலிசில திருட்டுன்னா தீ, வெள்ளம் மாதிரி ஏதாவது நடந்து அதனால 7 நாளுக்குள்ள போன பொருளுக்குத்தான், பூட்டை உடைச்சா தனி பாலிசி வேணும். அதையும் அதே கம்பெனில எடுத்தேன், ப்ரபோசல் ஃபார்ம்ல ரெண்டாவது வீடு, பெரும்பாலும் பூட்டிதான் இருக்கும்னு தெளிவா எழுதியே குடுத்தேன், காசு வாங்கிட்டு அனுப்பின பாலிசில 30 நாளுக்கு மேல ஆள் இல்லாம இருந்தா கவர் கிடையாதுன்னு ஒரு கண்டிஷன்! பக்கத்து வீட்டு அக்கா வாரம் ஒரு தடவை வந்து பெருக்கி லைட் போட்டுட்டுப் போறாங்களேன்னா அது குடியிருக்கறது ஆகாதாம். அப்புறம் யாருக்குங்க வித்தீங்க அதை? ஒவ்வொரு தடவை போன் பண்ணாலும் வேற ஆள், திரும்ப மொதல்லேர்ந்து கதை சொல்லணும்.

பாலிசி நல்ல பாலிசி, கிளெய்மும் இழுக்காம குடுத்தாங்க, ஆனா அடுத்த ரினியூவல் இந்தக் கம்பெனில கிடையாது, 100 ரூபா கூட ஆனாலும் பூட்டின வீட்டுக்கு கவர் உண்டுன்னு எழுத்துல குடுக்கறவங்ககிட்டதான் போவேன்.