சேலத்தில் துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ஏற்காட்டில் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. பாதுகாப்புக்காக உரிமம் பெற்ற 12 போர் (குழலின் உள்ளளவு) பம்ப் ஆக்ஷன் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறேன். தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய பின், பயிற்சித் திடலில் சுட்டபோது கோளாறு தெரிந்தது. தோட்டா வெடிக்கிறது; குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே வருவதில்லை. அதை இழுக்கும் கொக்கி கூட்டின் விளிம்பிலிருந்து நழுவிவிடுகிறது.

சேலத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். குழலைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், "கொக்கியும் ஸ்பிரிங்கும் போய்விட்டன, சார்" என்றார் கடைக்காரர். இரண்டையும் மாற்றியதாகச் சொல்லி 14,000 ரூபாய் வாங்கினார். பழைய பாகங்களைக் கேட்டதற்குத் தூக்கி எறிந்துவிட்டதாகப் பதில். ரசீதில் 'சர்வீஸ்' என்ற ஒரே சொல். தோட்டாவும் அங்கேயே வாங்கினேன். மறுபடி சுட்டால் கோளாறு முன்பைவிட மோசம்!

உரிமம் பெற்ற வேறொரு பழுதுபார்ப்பவர் திறந்து காட்டியபோது கொதித்துப்போனேன். உள்ளே இருந்தது அதே பழைய கொக்கி. அதையும் அரத்தால் ராவிக் கெடுத்திருந்தார்கள். உண்மைக் காரணம் இரண்டு. தோட்டா உட்காரும் அறையில் துரு பிடித்திருந்தது. கடைக்காரர் விற்றவையோ பழைய சரக்கு. பித்தளை அடியில் பச்சை பூத்து, கூடு உப்பியிருந்தது. வெடித்ததும் விரியும் கூடு சொரசொரப்பான அறையில் இறுகிக்கொள்ள, கொக்கி நழுவியிருக்கிறது. இந்தப் பழுதுபார்ப்பவர் வெண்கலத் தூரிகையால் அறையைத் தேய்த்து எண்ணெய் போட்டு, புதுக் கொக்கி மாட்டினார். நல்ல தோட்டாக்களோடு இப்போது தடையின்றி ஓடுகிறது.

தோட்டா வாங்கும்போது பெட்டியைத் திறந்து பித்தளையைப் பாருங்கள். கழற்றிய குழலில் போட்டால் தன் எடையில் இறங்க வேண்டும், கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். குழலில் அறையின் நீளம் 70 மி.மீ. என்று பொறித்திருந்தால் 76 மி.மீ. தோட்டாவைத் தொடாதீர்கள். போடும்போது சரியாக அமர்வதுபோலத் தெரியும். வெடித்து, மடித்திருக்கும் கூட்டின் வாய் விரிந்ததும் இடம் போதாமல் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். மலைப் பனியில் தோல் பெல்ட்டிலேயே தோட்டாக்களைச் செருகி வைப்பதையும் விட்டுவிடுங்கள். தோல் பித்தளையை அரிக்கும்.

பணத்தைவிட எனக்கு அதிகக் கோபம் அந்தக் கடைக்காரர் சொன்ன இன்னொன்றில்தான். "பன்றியைச் சுட அரசே அனுமதி கொடுத்துவிட்டது, எல்.ஜி. தோட்டா எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எல்.ஜி. என்பது பெரிய விலங்குகளைச் சுடுவதற்கான, பெரிய ஈயக் குண்டுகள் கொண்ட தோட்டா. முழுப் பொய். 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைத்தான் சுடலாம். அதுவும் வனத்துறை மூலம் மட்டுமே. 1 கி.மீ.க்குள் சுடவே கூடாது; இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். சேர்வராயன் மலையில் காப்புக்காட்டை ஒட்டித்தான் எத்தனையோ தோட்டங்கள் இருக்கின்றன. கப்பக்கிழங்கும் வாழையும் பறிபோன வேதனையில் இருக்கும் விவசாயி இந்தப் பேச்சை நம்பிச் சுட்டால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைக்குப் போவது அவர், உரிமமும் போகும்.

ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், ரசீது நகலோடு நீங்களும் கொடுங்கள்.